குட்ஸ் கோச்சி அன்ரி

வரிசை நகரும். அன்ரி நகரமாட்டார்.

டூங்கபியில் எங்கள் தெருவுக்குக் கிட்ட இருந்த சூப்பர் மார்க்கெட்டில் நான் அவரை முதன்முதலில் கண்டது அப்படித்தான். நாங்கள் சிட்னிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எண்பத்து நாலாம் ஆண்டு. காசு கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால், சேலைக்கு மேல் ஆம்பிளைகளின் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். எனக்குப் பின்னால் பால் போத்தலோடு ஒருத்தி வந்தாள். என் தலைக்கு மேலால் கையைக் காட்டி, "யூ கோ" என்று அவளை முன்னுக்கு விட்டார். அடுத்து ஒரு கிழவர். அவருக்கும் "யூ கோ". அதற்கடுத்து வண்டில் நிறையச் சாமானோடு ஒரு தடியன் வந்தான். அவனுக்கும் அதேதான். அன்ரிக்குப் பின்னால் நின்ற பாவத்துக்கு நானும் நின்றேன்.

பொறுமை என்ற சாமானை எனக்கு வைக்க மறந்துதான் கடவுள் அனுப்பினார். "நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை."

"அப்ப தமிழிலயே கேக்கிறன். ஏன் வாற போற எல்லாரையும் விட்டுக்கொண்டு நிக்கிறியள்? என்ர பிள்ளை வீட்டில பசியில கத்திக்கொண்டு கிடக்குது."

"ஐயோ, அதை முதலே சொல்லியிருக்கலாமே! நீர் போம், நீர் போம். நான் குட்ஸ்தானே."

குட்ஸ் என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் விளங்கப்படுத்தினார். அவரும் எங்கள் தெருதான். நாலு வீடு தள்ளி. தகப்பனார் இலங்கை ரெயில்வேயில் எஞ்சின் ட்ரைவர். யாழ்ப்பாணத்து மனிதர், ஆனால் உத்தியோகம் முழுக்க நாவலப்பிட்டியில். மலைக்கு ஏறும் குட்ஸ் கோச்சி, அதாவது சரக்கு ரெயில், ஓட்டியவர். அரிசியும் மாவும் உரமும் மேலே போகும், தேயிலைப் பெட்டிகள் கீழே வரும். ஒற்றைத் தண்டவாளம். முன்னால் ஆட்களின் கோச்சி வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி, குட்ஸ்தான் ஒதுங்க வேண்டும். ஸ்ரேஷனில் அதற்கென்று பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இருக்கும். அதற்குப் பெயர் லூப் லைன். அதில் போய் நின்று மெயில் போகும்வரை, எக்ஸ்பிரஸ் போகும்வரை, ஒஃபிஸ் கோச்சி போகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"எங்கட அப்பா வீட்டில சாப்பிட்டதை விட லூப் லைனில சாப்பிட்டதுதான் கூட," என்றார். "எல்லாரும் போன பிறகு ஆறுதலாய்ப் போவார். ஆனாப் போய்ச் சேர்ந்திடுவார். குட்ஸ் போகாட்டி மலையில அடுப்பு எரியாது பிள்ளை."

அன்றைக்கே எனக்கும் பெயர் வைத்துவிட்டார். நான் மெயில் கோச்சி. சின்ன ஸ்ரேஷன்களில் நில்லாமல் தூசி கிளப்பிக்கொண்டு போகிறவள். அன்ரியின் தம்பி மனைவி ஒஃபிஸ் கோச்சி: காலையில் போய், மாலையில் வந்து, நேரம் பிசகாதவர். எங்கட மனுசனைப் பார்த்துவிட்டு ஒரு கிழமை யோசித்தார். பிறகு, "அவர் லைற் எஞ்சின்," என்றார். பெட்டி ஒன்றும் இழுக்காமல் தனியாக அங்கும் இங்கும் ஓடித் திரியும் எஞ்சினை அப்படித்தான் சொல்வார்களாம். இவ்வளவு பொருத்தமாக என் புருசனை வேறு எவரும் சொன்னதில்லை.

அவர் இருந்தது கடைசித் தம்பியின் வீட்டில். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தத் தம்பிதான் ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவர். நல்ல மனிதர், கணக்காளர். அக்காவில் உயிர். அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே அன்ரி கதிரையில் முழுசாகச் சாய்ந்திருந்து நான் கண்டதில்லை. யாராவது வந்தால் எழும்புவதற்கு வசதியாக நுனியில்தான் இருப்பார். முதலில் அவருக்கென்று ஒரு அறை இருந்தது. தம்பியின் மூத்த மகள் வளர்ந்ததும், படிக்கிற பிள்ளை என்று அதை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்பக்கக் கண்ணாடி அறைக்குப் போனார். கார் ஓடப் பழகப் போனார். மச்சாளுக்கும் அதே நேரம் வகுப்பு என்றதும் நின்றுவிட்டார். இங்கிலிஷ் வகுப்பும் அப்படித்தான், பாதியிலே மச்சாளுக்கு ஒரு பேறுகாலம் வந்தது. எல்லாவற்றுக்கும் அதே சிரிப்பு. "அவையள் போகட்டும் பிள்ளை. நான் பிறகு வாறன்."

அவர் கலியாணம் கட்டவில்லை. ஒருநாள் பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது நான் வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். அவருக்குப் பேசின மாப்பிள்ளை வீட்டார் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த நேரம் தங்கைச்சிக்கு நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை லண்டனுக்குப் போக நின்றவர், பொறுக்கமாட்டார். அவளை முதலில் அனுப்புங்கோ என்று அன்ரியே தகப்பனிடம் சொன்னார். அதற்குப் பிறகு தம்பிமார் மூன்று பேரின் படிப்பு. அதற்குப் பிறகு தாய் படுக்கையில்.

"லூப்பில போட்டிட்டுச் சிக்னல்காரன் நித்திரையாய்ப் போட்டான்!" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிட்டுக் குழலில் இருந்து வந்த ஆவி முகமெல்லாம் வழிந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய் எங்கட மனுசனோடு பிடித்தேன். பாவம், அந்த ஆள் ரீ.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்.

அன்ரிக்கு ஆசை என்று ஒன்றே இல்லையோ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒன்று இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மூன்று வருடம் எடுத்தது. அவருக்கு எஞ்சினில் ஏற வேண்டும். பின்னால் உள்ள பெட்டியில் இல்லை, எஞ்சினில். ட்ரைவரும் நெருப்புக்காரனும் நிற்கிற மேடையில் நின்று ஒருதரம் போய்வர வேண்டும்.

தகப்பனார் ஓட்டியது கராட் என்ற வகுப்பு எஞ்சின். மான்செஸ்டரில் செய்து கப்பலில் வந்தது. மலையில் சுமை இழுப்பதற்கென்றே வாங்கியது. நடுவில் ஒரு பெரிய கொதிகலன், அதற்கு முன்னால் ஒரு கூட்டம் சில்லுகள், பின்னால் ஒரு கூட்டம். வளைவுகளில் உடம்பை வளைத்து வளைத்துப் போகுமாம். மகன்மார் ஓரளவு வளர்ந்ததும் ஒவ்வொருவரையும் ஒருநாள் அதில் ஏற்றிக்கொண்டு ஹற்றன் வரை போய்த் திரும்புவது அப்பாவின் வழக்கம். மூன்று பேரும் போனார்கள். மூன்று தரமும் சாப்பாடு கட்டிக் கொடுத்தது அன்ரி. எல்லாருக்கும் மூத்தவர் அவர்தான். அவரும் ஒருதரம் கேட்டார்.

"பெட்டைப் பிள்ளைக்கு உந்த வெக்கை தாங்க ஏலாது," என்றாராம் அப்பா. "அடுத்த முறை பாப்பம்."

அப்பா கெட்டவரில்லை என்று அன்ரி உடனே சேர்த்துக்கொள்வார். எஞ்சினில் அடுப்பு வாய் திறந்தால் பெரிய ஆம்பிளைகளே முகத்தைத் திருப்புவார்களாம், அதனால் சொல்லியிருப்பார். அடுத்த முறை வரவில்லை. அப்பா பென்சன் எடுத்தார். கராட்டுகளை உடைத்து இரும்பாக விற்றார்கள்.

அந்தப் பயணத்தைத் தம்பியார் சொல்லாத பார்ட்டி இல்லை. இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் கராட் வெளியே வரும். "எரியிற நெருப்புக்கு முன்னால நிண்டனாங்கள்! வெக்கை எண்டா அப்பிடி ஒரு வெக்கை. பொம்பிளையள் எண்டா மயங்கி விழுந்திருப்பினம்." இப்படிச் சொல்லும்போது அன்ரி வடைத் தட்டோடு அவருக்குப் பக்கத்தால் போய்க்கொண்டிருப்பார். தட்டை நீட்டி, "இன்னொண்டு எடடா," என்பார்.

அந்த வடை எங்கே சுட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பியின் மகளுக்குப் பிறந்தநாள் ஜனவரி நடுவில், சிட்னியின் உச்சக் கோடையில். வெயிலில் தார் ரோட்டு இளகும். வீட்டுக்குள் எண்ணெய் மணக்கக்கூடாது என்று சமையல் கராஜில்; அதுதான் அன்றைக்குக் குசினி. தகரக் கூரை, இரண்டு காஸ் அடுப்பு, ஒன்றில் அண்டா, ஒன்றில் எண்ணெய்ச் சட்டி. நான் உதவி செய்கிறேன் என்று வீரமாக உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டியது. வெளியே ஓடிப்போய்த் தோட்டத்துக் குழாயின் கீழ் தலையை வைத்தேன். "நீ கொஞ்சம் காத்துப் பிடி பிள்ளை," என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் காலையிலிருந்து அங்கேதான் நின்றார். பின்னேரம் வரைக்கும் நின்றார்.

எஞ்சினுக்கு வருவோம். சிட்னிக்குத் தென்மேற்கே, கார் ஓட்டம் ஒன்றரை மணித்தியாலத்தில், ரெயில்வே கைவிட்ட ஒரு கிளைப் பாதையைச் சில பென்சன்காரர்கள் பராமரித்துப் பழைய நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். பேப்பரில் பார்த்தது எங்கட லைற் எஞ்சின், என் புருசன்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாத ஆள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அன்ரியையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

வாசலிலேயே பச்சை வர்ணமும் பித்தளை வளையங்களுமாக ஒரு பயணிகள் எஞ்சின் நின்றது. அதன் சில்லுகள் ஆள் உயரம். சனம் எல்லாம் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தது. அன்ரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போனது பின்னால் புகைந்துகொண்டு நின்ற ஒரு கறுத்த எஞ்சினுக்கு. அலங்காரம் ஒன்றும் இல்லை. ஐம்பதாம் வகுப்பு என்று பலகையில் எழுதியிருந்தது; இந்த மாநிலத்தில் நிலக்கரியும் கோதுமையும் இழுப்பதற்கென்று இங்கிலாந்தில் செய்யத் தொடங்கிய வகுப்பு. பக்கத்துக்கு நாலாக எட்டுச் சில்லுகள், எல்லாம் குட்டை.

"சில்லைப் பார் பிள்ளை. சின்னச் சில்லு. ஓடுறதுக்குச் செய்யேல்லை, இழுக்கிறதுக்குச் செய்தது." பக்கத்தில் இருந்த பித்தளைத் தகட்டை எழுத்தெழுத்தாக வாசித்தார். மான்செஸ்டர் என்றிருந்தது. கையை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அப்பான்ர கராட் செய்த அதே பட்டறை. ஆனா இது அதுக்கு முந்தினது, அதின்ர அக்கா." குரல் கொஞ்சம் மாறிவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பின்னால் பெட்டியில் யாரும் ஏறலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு ஆளை எஞ்சினிலேயே ஏற்றுவார்கள். அதற்குத் தனி வரிசை. அந்த ஆளிடம் கார்ட் முழ நீளக் கோல் ஒன்றைக் கொடுப்பார். ஏறியதும் அதை ட்ரைவரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கோல் எஞ்சினுக்குள் வராமல் வண்டி அசையாது.

"எங்கட ரப்லெற்!" என்று அன்ரி சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார். நாவலப்பிட்டியில் கோல் இல்லையாம், பிரம்பு வளையத்தில் தொங்கும் ஒரு தோல் பையும் அதற்குள் ஒரு வட்டத் தகடும். ஒற்றை லைனில் ஒரு துண்டுக்கு ஒரு ரப்லெற். "அது கையில இல்லாட்டி எந்தக் கொம்பனும் அடுத்த ஸ்ரேஷனுக்குப் போக ஏலாது. கையில வந்திட்டுதெண்டா, குட்ஸ் எண்டாலும் லைன் அதின்ர. பிறகு மகாராணின்ர கோச்சி வந்தாலும் நிண்டுதான் போகவேணும்."

இவ்வளவும் தெரிந்த மனிசி வரிசையில் நின்றார். அடுத்தது அவருடைய முறை. பின்னால் ஒரு ஜெர்மன் சோடி. அன்றைக்கே தங்களுக்குப் பிளேன் என்று அந்தப் பெண் சொல்லி வாய் மூடவில்லை. "யூ கோ." அன்றைய கடைசி ஓட்டம் அது. ஜெர்மன்காரன் மேலே நின்று கை காட்டிக்கொண்டு போனான்.

"ஊருக்குத் திரும்பிப் போற ஆக்கள் பிள்ளை. நான் இஞ்சதானே இருக்கிறன்."

அடுத்த வருடமும் போனோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு இரத்தம் கொதிக்கும். நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், எஞ்சின் விசில் அடித்துக்கொண்டு புறப்படுகிறது, மேலே நின்று பல்லைக் காட்டுவது யார்? என்னுடைய புருசன்! "அன்ரிதான் போகச் சொன்னவ," என்று வந்து சொன்னார். "அவ சொன்னா நீங்கள் ஏறுவியளோ? வெக்கமில்லையோ?" என்று பிளாட்போமிலேயே பிடித்துக்கொண்டேன். அந்தக் கிழமை வீட்டில் தேத்தண்ணியை அவரேதான் போட்டுக் குடித்தார்.

இப்படியே போனது. ஒருமுறை மழை. ஒருமுறை வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி. ஒருமுறை ஆருக்கோ கண் பார்வை போகப்போகிறதாம், அதற்கு முன் ஏற வேண்டுமாம். எஞ்சின் ஓட்டும் வெள்ளைத் தாடிக்காரருக்கு அன்ரியை நன்றாகத் தெரிந்துவிட்டது. மேலேயிருந்து குனிந்து, "நெக்ஸ்ட் டைம், லவ்?" என்பார். "யெஸ், நெக்ஸ்ட் டைம்," என்பார் அன்ரி. அப்பா சொன்ன அதே சொல். அது அவருக்குக் காதில் விழுந்ததோ தெரியாது, எனக்கு விழுந்தது.

திரும்பி வரும்போது ஒருதரம் காரில் வைத்து வெடித்துவிட்டேன். "அன்ரி, உங்களுக்கு உண்மையாய் ஆசை இருக்கோ இல்லையோ? இல்லாட்டிச் சொல்லுங்கோ. நான் என்ர ஞாயிற்றுக்கிழமையில நித்திரை கொள்ளுறன்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆசை இல்லாட்டி ஏன் பிள்ளை ஒவ்வொரு முறையும் வந்து கீழ நிக்கிறன்? ஆராவது கேட்ட உடன வாய் தன்ர பாட்டில சொல்லிப்போடும். நான் நினைக்கிறதுக்கு முந்தி அது சொல்லி முடிச்சிடும்." பிறகு, "எனக்கே கோவம் வாறதுதான்," என்றார்.

வீடு வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி இப்போது இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் போய்விட்டார். அவருடைய சவ ஊர்வலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெட்டி போன கார் ரவுண்டபவுட்டில் நின்று ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டது. எங்கள் காருக்குள் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அதே சிரிப்பில் அழுதும்விட்டோம்.

ஆனால் அதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. நாங்கள் அப்போது லிட்கமுக்கு வீடு மாறியிருந்தோம். அந்தக் கறுத்த எஞ்சினின் கொதிகலனைப் பாவிக்கக் கொடுத்த அனுமதித் தவணை முடிகிறது, இந்த ஞாயிறோடு நெருப்பை அணைத்தால் இனி மூட்டமாட்டார்கள் என்று செய்தி வந்தது. நான் உடனே அன்ரிக்குப் போன் அடித்தேன். "இனி அடுத்த முறை இல்லை. விளங்குதோ?" என்றேன்.

"விளங்குது," என்றார்.

அவருக்கு அப்போது எழுபது. முழங்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. அன்றைக்குத் தம்பியாரும் குடும்பத்தோடு வந்தார். பாங்கில் வேலை செய்யும் மூத்த மகள்தான் கார் ஓட்டி வந்தாள். வரிசையில் அன்ரி முன்னுக்கு, அவருக்குப் பின்னால் நான். யாராவது அவரோடு கதைக்க வந்தால் கடிப்பேன் என்ற முகத்தோடு நின்றேன். அப்படியும் என்ன பிரயோசனம்? நான் ரொய்லற்றுக்குப் போய் வருவதற்குள் மூன்று பேரை விட்டுவிட்டார்! "அவையளுக்கு அவசரம் பிள்ளை." தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் முறை வந்தபோது அது கடைசி ஓட்டமாகிவிட்டது. அந்த எஞ்சினுக்கே கடைசி ஓட்டம்.

கார்ட் வந்து கோலை அன்ரியின் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினார். தாடிக்காரர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் நெக்ஸ்ட் டைம் சொல்லவில்லை.

அப்போதுதான், "அக்கா!" என்று தம்பியார் ஓடி வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், கண் எல்லாம் நீர். "அக்கா, இதுதான் கடைசியாம். அப்பாவோட போனதுக்குப் பிறகு நான் ஒருநாளும் எஞ்சினில ஏறேல்லை. அந்த மணம் வந்த உடன எனக்கு என்னவோ செய்யுது. உங்களுக்கு முழங்காலும் ஏலாது, படி நல்ல உயரம். நான் ஏறட்டே?"

"டாட், ஆர் யூ சீரியஸ்?" என்றாள் மகள்.

எனக்கு வாய் துடித்தது. ஆனால் இது நான் பேசும் இடமில்லை. அது அவர் வளர்த்த பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன பிள்ளை. அந்தப் பிள்ளை கேட்டு அன்ரி இல்லை என்று சொன்னதை யாரும் கேட்டதில்லை. அவர் வாய் திறந்தது. இவ்வளவு வருடமும் நான் கேட்ட அந்தச் சொல் உதட்டில் வந்து நிற்பது தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

அன்ரி குனிந்து கையில் இருந்த கோலைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் நில்லடா," என்றார். "ரப்லெற் என்ர கையில."

தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். "இந்தா, இதைப் பிடி."

தம்பியார் பிடித்தார். வேறென்ன செய்வார், அவரும் எஞ்சின் ட்ரைவரின் மகன்.

ஏற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மேலேயிருந்து கரி அள்ளும் பெண் ஒருத்தி கையைப் பிடித்து இழுக்க, கீழேயிருந்து நானும் தம்பியின் மகளும் தள்ள, "மாமி, புட் யுவர் ஃபுட் ஹியர்!" என்று அவள் கத்த, "ஐயோ சீலை!" என்று அன்ரி கத்த, ஒருமாதிரி மேலே போய்ச் சேர்ந்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கோலைத் தாடிக்காரரிடம் கொடுத்தார். அவர் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். பிறகு ஏதோ கயிற்றைக் காட்டினார். அன்ரி அதைப் பிடித்து இழுக்க, விசில் ஊதியது. அப்படி ஒரு நீள விசிலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விடவே இல்லை அவர்.

வண்டி மெல்ல மெல்லப் போய் வளைவில் மறைந்தது. நாங்கள் எல்லாரும் பிளாட்போமில் நின்றோம். தம்பியார் அக்காவின் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்காவுக்கு இதில ஏற ஆசை இருந்ததெண்டு எனக்குத் தெரியாது," என்றார்.

"எப்பவாவது கேட்டனீங்களோ அண்ணை?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. திட்டுவதற்கு எனக்கு நல்ல நல்ல சொற்கள் வந்தன. அவருடைய முகத்தைப் பார்த்ததும் ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. நான்கூட எத்தனை பிறந்தநாளுக்கு அந்த வடையைத் தின்றிருக்கிறேன்.

வண்டி திரும்பி வர நேரமாகியது. நாங்கள் காத்திருந்தோம். பின்னால் யாருக்கோ வீட்டுக்குப் போக அவசரம், கார் ஹோர்ன் அடித்தார்கள். நாங்கள் அசையவில்லை.

கடைசியில் வந்தது. அன்ரி எஞ்சின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வந்தார். நின்ற பிறகும் உடனே இறங்கவில்லை. தாடிக்காரரோடு ஏதோ கதைத்துச் சிரித்தார். அடுப்பு வாயை ஒருதரம் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டார் போலிருக்கிறது. அந்தப் பெண் திறந்தாள், சிவப்பு வெளிச்சம் அன்ரியின் முகத்தில் அடித்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஆறுதலாகப் பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். முகமெல்லாம் கரி. சேலையில் பொறி பட்டு ஒரு ஓட்டை.

தம்பியார் கையைப் பிடித்து இறக்கினார். "எப்பிடி அக்கா?" என்று கேட்டார். "வெக்கை தாங்க ஏலுமாய் இருந்ததோ?"

அன்ரி தலைப்பால் முகத்தைத் துடைத்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"உந்த வெக்கையையோடா இவ்வளவு காலமும் பெரிசாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?" என்றார். "எங்கட குசினி இதை விடச் சூடு."